படுத்திருப்பவரைப் பார்த்துக்கொள்பவரையும் பார்ப்போம்



நான் பத்தாவது வரைதான் படிச்சிருக்கேன். மேடையில பேசிப் பழக்கமில்லை. எங்க மாமியார் பக்கவாதம் வந்து மூணு வருஷமா படுக்கையில இருக்காங்க. அதனால நோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்ப்பது பற்றி என்னைப் பேசச் சொன்னாங்க.

2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தைத் தொடங்கினார்கள். அதுக்கப்புறம் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருது. கொண்டு வர்ற தன்னார்வலரும் நம்மைப் போல குழுப் பெண்தான். படுக்கையில் இருப்பவங்களைப் பார்க்க நர்ஸும், உடற்பயிற்சி கொடுக்க இயன்முறை மருத்துவரும் வர்றாங்க. முன்னாடி ஒரு மாத்திரை அட்டைக்காக ஒரு நாள் கூலியை விட்டவங்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

ஆனா நர்ஸ் வந்துட்டுப் போன பிறகு மிச்ச நாளெல்லாம் நம்ம கையிலதான். அவங்க எனக்குச் சொல்லிக் கொடுத்ததை உங்களுக்கும் சொல்றேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கணும். முதுகு, இடுப்பு, குதிகால் சிவந்திருக்கான்னு தினமும் பார்க்கணும். சிவந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. தலையை நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் கஞ்சி கொடுக்கணும், இல்லைன்னா புரை ஏறும். சர்க்கரை உள்ளவங்களுக்குக் கால் விரல் இடுக்கில் புண் இருக்கான்னு பார்க்கணும். தலைவலி இல்லையேன்னு பிரஷர் மாத்திரையை நாமே நிறுத்தக் கூடாது. வாய் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறினால் விடியட்டும்னு காத்திருக்காம உடனே 108-க்குப் போன் பண்ணணும்.

இதையெல்லாம் செய்யறது யாரு? மருமகள், மகள், இல்லைன்னா மனைவி. அவளுக்கு வேலை போகுது, தூக்கம் போகுது. குழுக் கூட்டத்துக்கு வர முடியலைன்னா அபராதமும் விழுது. எனக்கும் விழுந்துச்சு. அப்புறம் எங்க குழுத் தலைவி அக்கா, "அவ வர முடியலைன்னா நாம அவ வீட்டுக்குப் போவோம்"னு சொல்லி, கூட்டத்தை எங்க வீட்டுத் திண்ணையிலேயே வைச்சாங்க. அன்னைக்குத்தான் நானும் இந்தக் குழுவில் ஒருத்தின்னு மறுபடியும் தோணுச்சு.

அதனால கூட்டமைப்புக்கு மூன்று வேண்டுகோள். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் உறுப்பினருக்கு அபராதம் வேண்டாம். வாரத்தில் இரண்டு மணி நேரம் யாராவது ஒருத்தர் முறை வைத்து அந்த வீட்டில் உட்காரணும். தண்ணீர்ப் படுக்கை, சக்கர நாற்காலி, மலம் கழிக்கும் நாற்காலி இதெல்லாம் கூட்டமைப்பு வாங்கி வைத்து, தேவைப்படுகிற வீட்டுக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கணும்.

கவனிக்கிற சகோதரிகளுக்கும் ஒன்று. தன்னார்வலர் வரும்போது உங்க கையையும் நீட்டி பிரஷர் பாருங்க. நீங்க படுத்துட்டா அந்த வீட்டில் இரண்டு பேர் படுக்கையில்.

கடன் வாங்கும்போது ஒருத்தருக்கு ஒருத்தர் பொறுப்பா கையெழுத்துப் போடுறோம். கஷ்டத்திலும் அப்படியே நிற்போம்.