உறைமோர் தந்த அத்தை



‘மரபைப் பெரிதும் காப்பது ஏடா, கையா?’ என்பது தலைப்பு. ஏட்டை வச்சுத்தான் முப்பது வருஷமாச் சம்பளம் வாங்குறேன். அந்த ஏட்டை எதிர்த்தே பேசச் சொல்லிட்டாங்க. என் நிலைமையை நடுவர் புரிஞ்சுக்கணும்! (சிரிப்பு)

எதிரணி அம்மையார், “எழுதி வச்சாப் போதும், எதுவும் அழியாது”ன்னாங்க. அம்மா, ஒரு சாட்சி கொண்டாந்திருக்கேன். சாட்சி மேல கொஞ்சம் மதுவாடை அடிக்கும், மன்னிக்கணும். குடியால அழுத வீடுகளை எனக்கும் தெரியும். நான் பேச வந்தது குடியைப் பத்தி அல்ல, உறையைப் பத்தி.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், வலைஞர் வீட்டில் அரிசிக் கள் செய்யும் முறை இருக்கு. அரிசியைக் களியாக்கி, அகன்ற தட்டில் ஆறவைத்து, அடையைக் கலந்து, இரண்டு நாள் சாடியில் விளைய விடுறாங்க. சரி, அந்த அடையை எப்படிச் செய்வது? புற்றுக்குள் இருக்கும் குரும்பி போல இருக்கும்னு அழகா உவமை சொல்லுது பாட்டு. சேர்மானத்தைச் சொல்லல. ஏடு இருக்கு, அடை எங்கே? (கைதட்டல்)

இப்ப நார்வேக்கு வாங்க. மேற்குப் பகுதியில் வாஸ், ஹார்னிந்தால் என்ற ஊர்கள். அங்கே விவசாயிகள் பண்டிகைக்கு, கல்யாணத்துக்கு, வீட்டளவில் பீர் காய்ச்சுவாங்க. பக்கத்துக் காட்டில் ஜூனிப்பர் கிளைகளை ஒடிச்சு வந்து வெந்நீரில் ஊறப்போடுவாங்க. அந்தத் தண்ணியில்தான் வாற்கோதுமை முளையை ஊறவைப்பாங்க. தொட்டியின் அடியில் அதே கிளைகளைப் பரப்பினா, அதுவே வடிகட்டி.

அதுக்கு ஊத்துற உறைக்கு ‘க்வைக்’னு பேர். முன்பெல்லாம் காய்ச்சி முடிஞ்சதும் ஈஸ்ட்டை எடுத்து மரவளையத்தில் தடவி, காயவைத்து, மாட்டி வைப்பாங்க. அடுத்த பண்டிகைக்கு அதையே கரைச்சு ஊத்துவாங்க. சாதாரண பீர் ஈஸ்ட்டுக்குக் குளிர்ச்சி வேணும். இதுவோ நாற்பது டிகிரிச் சூட்டிலும் வேலை செய்யும். அப்பன் கையிலிருந்து பிள்ளை கைக்கு இப்படியே வந்தது. ஒரு வீட்டில் உறை கெட்டுப்போனா, அடுத்த வீட்டில் வாங்கிக்குவாங்க.

2018-இல் ஆராய்ச்சியாளர்கள் மரபணுவைச் சோதித்து, இது தனி வகை ஈஸ்ட் என்று கட்டுரை வெளியிட்டாங்க. எதிரணியினரே, கட்டுரை பின்னால் வந்தது. கை அதுவரை காப்பாற்றி வைத்திருந்ததால்தான் எழுத ஏதாவது இருந்தது!

அடுத்த வீட்டில் உறை வாங்குறதுன்னதும் என் கதை ஞாபகம் வருது. எங்கம்மா கிராமத்தில் தனியா இருந்தாங்க. தினமும் பாலுக்கு உறை ஊத்துவாங்க. அந்தத் தயிர்ச் சுவை உலகத்தில் வேறெங்கும் எனக்குக் கிடைச்சதில்லை. அம்மா போனாங்க. பதினாறு நாளும் வீடு நிறையச் சனம். ஆனா உறியில் இருந்த மோர்ச் சட்டியை யாரும் பார்க்கல. பார்த்தப்போ காய்ஞ்சு, பூசணம் பூத்திருந்தது. முனைவர் பட்டம் வாங்கின நான், அந்தச் சட்டியைக் கையில் வச்சுக்கிட்டு அழுதேன்.

எதிர்வீட்டு அத்தை ஒரு கிண்ணத்தோடு வந்தாங்க. அவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. “தம்பி, அழாதப்பா. உங்கம்மா படுக்கறதுக்கு முந்தி எங்க வீட்டுக்கு உறைக்குக் கொடுத்த மோர்தான் இது. தினம் ஊத்திட்டு வர்றேன். கொண்டுபோ”ன்னாங்க.

இன்னைக்கும் என் வீட்டுத் தயிர் அந்தத் தயிர்தான். அம்மாவைப் பத்தி நான் எழுதி வச்சது என் நோட்டில் இருக்கு. அம்மா கையோ, அந்தக் கிண்ணத்தில் இருந்தது. ஆகவே நடுவர் அவர்களே, மரபைக் காப்பது கையே, கையே என்று தீர்ப்பு வழங்குங்கள். (கைதட்டல்)