துணி மிதித்தவரின் பெயர்

(திருப்பூரில் ஒரு வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பனியன் கம்பெனிகளின் ஊரில் நின்றுகொண்டு ஓர் ஆங்கிலக் குடும்பப்பெயரைப் பற்றிப் பேசப் போகிறேன். வாக்கர் என்பது அந்தப் பெயர். கேட்டதும் நடப்பவர் என்று தோன்றும். நடந்தவர்தான், ஆனால் சாலையில் அல்ல, துணியின் மேல்.

தறியிலிருந்து வந்த கம்பளித் துணி தளர்வாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, புளித்த மூத்திரத்தையும் ஒருவகைக் களிமண்ணையும் சேர்த்து, மணிக்கணக்கில் காலால் மிதிப்பார்கள். அப்போதுதான் பிசுக்கு போய், இழைகள் நெருங்கித் துணி இறுகும். இன்று நம் ஊரில் நீராவி விட்டு காம்பாக்டிங் மெஷினில் துணியை நெருக்குகிறோமே, அதற்குத் தூரத்து உறவான வேலை. இதைச் செய்தவரை இங்கிலாந்தின் வடக்கில் வாக்கர் என்றார்கள், தெற்கிலும் கிழக்கிலும் ஃபுல்லர், தென்மேற்கில் டக்கர். மூன்றும் ஒரே வேலை. பெயரைச் சொன்னால் எந்தத் திசை என்று சொல்லிவிடலாம்.

1066இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடிப்பதற்கு முன் அங்கே பெரும்பாலோருக்கு ஒற்றைப் பெயர்தான். அதன்பிறகு மெல்ல மெல்லப் பட்டப்பெயர் சேர்ந்தது. ஊர், அப்பன் பெயர், உருவம், தொழில் என எது கிடைத்ததோ அது ஒட்டிக்கொண்டது. 1377க்கும் 1381க்கும் இடையில் மூன்று முறை தலைவரி போட்டபோது அதிகாரிகள் ஆள் ஆளாகப் பெயர் எழுதினார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பெரும்பாலான குடும்பங்களில் பட்டப்பெயர் பரம்பரைப் பெயராகிவிட்டது. டெய்லர் தைத்தவர். டையர், லிஸ்டர் இருவரும் சாயம் போட்டவர்கள். வெப்ஸ்டர் நெய்தவர், அந்தச் சொல் முதலில் நெசவு செய்த பெண்ணைக் குறித்தது. பெண்ணின் உழைப்பைச் சொன்ன பெயர், பிறகு அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும் சொத்தாகிவிட்டது. செக்கிங் மேஜையிலும் கைமடி வேலையிலும் பெண்கள் நிற்க, கம்பெனி போர்டில் ஆணின் பெயர் தொங்கும் ஊரில் இதை விளக்கத் தேவையில்லை.

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். ‘அவர்களுக்கும் தொழிற்பெயர் இருக்கிறது, நமக்கும் இருக்கிறது. அவர்கள் வெட்கப்படுகிறார்களா? நாம் மட்டும் ஏன் சாதிப்பெயரை விட வேண்டும்?’ இந்தக் கேள்வியை நான் பல்கலைக்கழக விடுதியிலும் கேட்டிருக்கிறேன், டீக்கடையிலும் கேட்டிருக்கிறேன். கேட்கிறவர் கெட்டிக்காரத்தனமாகக் கேட்டதாக நினைத்துக்கொள்கிறார். பதில் வாக்கரின் கதையிலேயே இருக்கிறது.

12ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் ஆற்றுநீரால் ஓடும் ஆலைகள் துணி மிதிக்கும் வேலையைச் செய்யத் தொடங்கிவிட்டன. 1185இல் எடுத்த ஒரு நிலக்கணக்கில் அப்படிப்பட்ட ஆலை பதிவாகியிருக்கிறது. மரச் சுத்தியல்கள் காலின் வேலையைச் செய்தன. மிதித்தவர் வேறு வேலைக்குப் போனார், பெயர் மட்டும் தங்கியது. இன்று வாக்கர் என்ற பெயருள்ளவரைப் பார்த்து, உன் பாட்டன் மூத்திரத்தில் நின்றவன்தானே என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் அவருக்கே தெரியாது.

இங்கிலாந்து சமத்துவ பூமியாக இருந்ததால் இது நடக்கவில்லை. அங்கும் பண்ணையடிமை தன் மகளைக் கட்டிக்கொடுக்க நிலப்பிரபுவுக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. ஆனால் துணி மிதித்தவரின் மகள் ரொட்டி சுட்டவரின் மகனைக் கட்டக்கூடாது என்று மதம் சொல்லவில்லை. கட்டினால் வெட்டவும் யாரும் வரவில்லை. பெயர்கள் கலந்தன. கலந்ததால் பொருள் இழந்தன. சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது என்று அம்பேத்கர் 1916இல், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தபோதே எழுதினார். 1936இல் இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னார்: சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களைப் பிரித்து ஒருவர் மேல் ஒருவராக அடுக்குகிறது.

இங்கே பாருங்கள். துணி வெளுக்க மெஷின் வந்தது. வெளுத்தவரின் பேரன் பவர் டேபிளில் தைக்கிறான். தொழில் போய்விட்டது. ஆனால் பொங்கலுக்கு ஊருக்குப் போனால் பழைய பெயர் தெருமுனையில் காத்திருக்கிறது. அங்கே தொழில் போனது, பெயர் வெறும் ஓசையானது. இங்கே தொழில் போன பிறகும் பெயர் படிக்கட்டாக நிற்கிறது.

வாக்கர் கடல் தாண்டிய கதையும் உண்டு. அமெரிக்காவில் அடிமைகளின் மேல் எஜமானர்களின் குடும்பப்பெயர்கள் விழுந்தன. 1865இல் அடிமைமுறை ஒழிந்த பிறகும் பலர் அந்தப் பெயர்களோடு வாழ்ந்தார்கள். சிலர் தாங்களே புதுப் பெயர் தேர்ந்தார்கள். எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் ஜார்ஜியாவில் குத்தகை விவசாயிகளின் மகளாகப் பிறந்தவர். இங்கிலாந்தில் கம்பளி மிதித்தவரின் பெயர், பருத்தி விளையும் ஊரில் ஒரு கறுப்பினக் குடும்பத்தின் பெயராக இருந்தது. மால்கம் எக்ஸ், லிட்டில் என்ற தன் குடும்பப்பெயரைத் தூக்கியெறிந்து அந்த இடத்தில் எக்ஸ் என்று போட்டார். பறிக்கப்பட்ட, தெரியாமலே போன பெயருக்கு அது அடையாளம்.

அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஈரோட்டுக்காரர் ஒருவர் 1927 இறுதியில் தன் பெயரிலிருந்து நாயக்கரை வெட்டினார். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப்பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. எக்ஸ் இழந்த பெயருக்கான குறி. நம்முடையது, மேலே இருந்தவரும் கீழே இறங்கி நிற்க வேண்டும் என்ற கோரிக்கை. அதனால்தான் இன்று தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்குப் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து மட்டும் நிற்கிறது.

ஆனால் அதோடு முடிந்ததா? திருப்பூரில் வாடகைக்கு வீடு கேட்டுப் பாருங்கள். சொந்த ஊர் எது, ஊரில் எந்தப் பக்கம், குலதெய்வம் எது என்று மூன்று கேள்வி வரும். பெயரில் இல்லாததை முகவரியில் தேடுகிறார்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்களிடம் இந்தச் சிரமம்கூட இல்லை, பலருக்கு ஆதாரிலேயே இருக்கிறது. அந்தப் பெயர்களைப் படிக்க நாமும் கற்றுக்கொண்டுவிட்டோம் என்பதுதான் வேதனை.

‘பெயரில் சாதி வேண்டாம் என்றால் சான்றிதழில் மட்டும் எதற்கு?’ என்று கேட்பார்கள். பட்டம் என்பது மேலே நிற்பதாகச் சொல்லிக்கொள்வது. சான்றிதழ் என்பது மறுக்கப்பட்டதற்கான கணக்கு. 2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு கிடைத்தது அந்தக் கணக்கால்தான். கடன் தீராமல் கணக்கு நோட்டைக் கிழிக்கச் சொல்வது கடன்காரனுக்குத்தான் லாபம்.

நம் பிள்ளைகள் இன்று மேற்படிப்புக்கு வெளிநாடு போகிறார்கள். விண்ணப்பத்தில் குடும்பப்பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். சிலர் தாத்தா விட்ட பட்டத்தை எடுத்து அதில் நிரப்புகிறார்கள். அங்கே சாதியை யாருக்குத் தெரியும் என்கிறார்கள். தெரியும். சாதிப் பாகுபாட்டைச் சட்டத்தில் சேர்க்கச் சொல்லி 2013இல் பிரிட்டன் நாடாளுமன்றமே முடிவெடுத்தது. 2018இல் அரசு அதைக் கைவிட்டது. சாதி போகாத இடத்துக்கு எதற்குச் சட்டம் கேட்டார்கள்?

அந்தக் கட்டத்தில் அப்பா பெயரை எழுதுங்கள், அம்மா பெயரை எழுதுங்கள், ஊர்ப் பெயரை எழுதுங்கள். சாதியை எழுதாதீர்கள். ஆனால் பெயரில் விட்டது போதும் என்று நிறுத்திவிடவும் வேண்டாம். வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவரிடம் அந்த மூன்று கேள்வியைக் கேட்காதீர்கள். சாதி மறுத்து மணந்த இணையர் உங்கள் லைனில் வீடு தேடி வந்தால் சாவியைக் கொடுங்கள். வாக்கர் என்ற சொல் வெறும் பெயரானது கலப்பால். நம் பட்டங்களும் அப்படித்தான் பொருளிழக்கும்.