ஜேபிக்குள் ஒரு சைன்



பட்டமளிப்பு உரை என்றாலே அரங்கம் அறிவுரைக்குத் தயாராகிவிடும். அங்கிக்குள் வேர்க்கிறது, பின்வரிசையில் பெற்றோருக்குப் பசி. ஆகவே அறிவுரைக்கு இன்று விடுமுறை. பிழையாகப் பிறந்து, அப்படியே நிலைத்துவிட்ட சில சொற்களின் கதை மட்டும்.

முக்கோணவியலின் 'சைன்' இருக்கிறதே, பொறியியல் படித்த எவரும் அதை எழுதிய கணக்கு வைத்திருக்க மாட்டார். 'சைனஸ்' என்ற இலத்தீன் சொல்லுக்கு வளைவு, உடையின் மார்பு மடிப்பு என்று பொருள். கோணத்துக்கும் சட்டை மடிப்புக்கும் என்ன உறவு? ஓர் உறவும் இல்லை. ஆரியபட்டரும் அவர் வழிவந்த வானியலாளர்களும் வட்டத்துக்குள் ஒரு வில்லைப் பார்த்தார்கள். அதன் நாணுக்கு வடமொழியில் 'ஜ்யா', 'ஜீவா' என்று பெயர். அரபு அறிஞர்கள் ஒலியை மட்டும் எடுத்து 'ஜீபா' என்றார்கள். அரபியில் அதற்குத் தனியே பொருள் கிடையாது. உயிரொலிகளைப் பெரும்பாலும் எழுதாமல் விடுவது அந்த எழுத்துமுறையின் வழக்கம். பின்னால் வந்தவர்கள் தமக்குத் தெரிந்த 'ஜைப்' என்ற சொல்லாக அதைப் படித்தார்கள். ஜைப் என்றால் மார்பு மடிப்பு. 12ஆம் நூற்றாண்டில் இலத்தீனுக்குக் கொண்டுபோனவர்கள் அதைச் சிரத்தையாக மொழிபெயர்த்து 'சைனஸ்' ஆக்கினார்கள்.

அதே ஜைப், பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கும் வந்து சேர்ந்தது: சட்டை ஜேபி! தாத்தாவின் பொடி டப்பா கிடந்த இடமும் பேரனின் கால்குலேட்டர் பொத்தானும் ஒரே சொல்லின் பிள்ளைகள். தமிழ்ப் பாடநூலோ வட்டத்தில் இன்றும் 'நாண்', 'வில்' என்றே எழுதுகிறது.

வேதியியலும் சளைத்ததல்ல. ஆக்சிஜனுக்கு லவாய்சியர் வைத்த பெயரின் கிரேக்க வேர்களுக்கு 'அமிலத்தைப் பிறப்பிப்பது' என்று பொருள். எல்லா அமிலத்திலும் அது இருக்கும் என்று நம்பினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அது துளியும் இல்லை. அதிலுள்ள குளோரின் ஆக்சிஜன் சேர்ந்த பொருளல்ல, ஒரு தனிமம் என்று 1810-ல் டேவி எடுத்துச் சொன்ன பிறகும் பெயர் அசையவில்லை. 1868-ல் சூரிய ஒளியின் நிறமாலையில் வானியலாளர் லாக்கியர் கண்ட மஞ்சள் கோட்டுக்குச் சோடியம், பொட்டாசியம் போல உலோக வால் ஒட்டி 'ஹீலியம்' என்றார்கள். 1895-ல் ராம்சே அதைப் பூமியிலேயே பிடித்தார். வாயு!

இவற்றையெல்லாம் மிஞ்சியது 'டோர்ட்'. 1934-ல் வெளிவந்த வெப்ஸ்டர் பெரிய அகராதியின் இரண்டாம் பதிப்பில், அடர்த்தி என்ற பொருளோடும் உச்சரிப்புக் குறிப்போடும் அந்தச் சொல் உட்கார்ந்திருந்தது. அடர்த்தியைப் பெரிய 'டி' அல்லது சிறிய 'டி' எழுத்தால் குறிக்கலாம் என்று 1931-ல் அகராதிக்காரர்கள் எழுதிய ஒரு சீட்டிலிருந்து வந்தது அது. சுருக்கக் குறிகளின் அடுக்குக்குப் போகவேண்டியது சொற்களின் அடுக்குக்குப் போய்விட்டது. 'டி ஆர் டி' (D or d) ஒட்டிக்கொண்டு 'டோர்ட்' ஆனது. இதற்குச் சொற்பிறப்பே இல்லையே என்று 1939-ல்தான் ஓர் ஆசிரியருக்குச் சந்தேகம் தட்டியது. மெய்ப்பு பார்த்து நொந்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

பிழை நிலைக்கிறது, சரியாகச் செய்ததற்கோ எந்த உத்தரவாதமும் இல்லை. வேல்ஸ் நாட்டு மருத்துவர் ராபர்ட் ரெக்கார்ட் 1557-ல் ஒரு கணித நூல் எழுதினார். 'சமம்' என்று திரும்பத் திரும்ப எழுதிச் சலித்து, இரண்டு இணைகோடுகளைப் போட்டார். இவற்றைவிடச் சமமான இரண்டு பொருள்கள் கிடையாது என்று காரணமும் சொன்னார். அதே நூலில் எட்டாம் அடுக்குக்கு 'சென்சிசென்சிசென்சிக்' என்று ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் செத்துவிட்டது. கோடுகளும் உடனே பிழைத்துவிடவில்லை. அறுபது ஆண்டுகள் போல அச்சுப் பக்கம் எட்டிப்பார்க்காமல் கிடந்தன. அவை திரும்பி வந்ததை ரெக்கார்ட் பார்க்கவில்லை. நூல் வெளிவந்த மறு ஆண்டே, கடனுக்காக அடைக்கப்பட்டு, லண்டன் சிறையில் அவர் இறந்துபோனார்.