தனியாக வைத்த டம்ளர்

(சாரத்தில் நடந்த ஆதரவாளர் கூட்டத்தில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



யோவான் 5-ஆம் அதிகாரத்தில், பெதஸ்தா குளத்தருகே 38 வருஷம் வியாதியாய்க் கிடந்த மனிதனை நாம் அறிவோம். சுகம் பெற மனதுண்டா என ஆண்டவர் விசாரித்தபோது, அவன் தன் வியாதியைப் பற்றிப் பேசவில்லை. தன்னைக் குளத்தில் இறக்கிவிட ஆளில்லாததைத்தான் சொன்னான். எங்கள் வார்டுகளிலும் இதே பதிலை அடிக்கடி கேட்கிறோம்.

இந்தச் சாரத்திலேயே ஒரு சந்தில் ஒரு பெரியவர் இருந்தார். காசநோய். மருந்து தொடங்கி மூன்று மாதமாகி, சளியில் கிருமி இல்லை என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனாலும் வீட்டில் அவருக்குத் தனித்தட்டு, தனி டம்ளர், மாடிப்படியின் கீழ் ஒரு கட்டில். பேரப்பிள்ளைகள் எட்டியே நின்றார்கள். "ஐயா, மாத்திரை போட்டு யாருக்காகப் பிழைக்கணும்?" என்று எங்களிடம் கேட்டார். மறுவாரம் போனபோது மாத்திரையை நிறுத்தியிருந்தார். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பலாம். மருந்துக்கு அடங்காத நோயாகவும் மாறலாம்.

காசநோய் தட்டாலும் டம்ளராலும் பரவுவதில்லை. நோயாளி இருமும்போது காற்றில் பரவுகிறது. சரியான மருந்து தொடங்கியபின் பரவும் தன்மை விரைவில் குறைந்துவிடுகிறது. இதை உலகத்துக்கு எடுத்துக்காட்டியதில் நம் சென்னைக்குப் பெரிய பங்குண்டு. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வில், நோயாளிகளில் ஒரு பிரிவினரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மறு பிரிவினருக்கு வீட்டிலேயே ஓராண்டு அதே மருந்து கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் ஏழைகள். நெருக்கடியான வீடுகள், குறைந்த சாப்பாடு. ஆனாலும் 1959-இல் வெளியான முடிவுகளின்படி, இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தார்கள். வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதல் ஆபத்தும் நேரவில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: அந்த மையத்தின் ஊழியர்கள் வீடுவீடாகச் சென்று நோயாளிகளைப் பார்த்து வந்தார்கள். மருந்தோடு ஒரு மனிதரும் வாசலுக்கு வந்தார்.

சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, பக்கவாதம் என நெடுங்கால நோய் எதுவானாலும் இதுவே கதை. தனித்துவிடப்பட்டவர் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை; மருந்தை மறக்கிறார், வேதனையை மறைக்கிறார். உலகில் ஆறு பேரில் ஒருவரைத் தனிமை வாட்டுகிறது என்றும், ஆண்டுக்கு 8 லட்சத்து 71 ஆயிரத்துக்கு மேற்பட்ட மரணங்களோடு அது தொடர்புடையது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2025-இல் மதிப்பிட்டது.

அந்தப் பெரியவர் வீட்டில் நாங்கள் பிரசங்கம் செய்யவில்லை. மருமகளிடம் காபி கேட்டு வாங்கி, அவர் கட்டிலிலேயே உட்கார்ந்து குடித்தோம். டாக்டரையும் அழைத்துப் போய் வீட்டாருக்கு விளக்கினோம். நான்காம் முறை போனபோது, பேத்தி அவர் பக்கத்தில் அமர்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தாள். அவர் மறுபடியும் மருந்து தொடங்கி, முழுவதும் முடித்தார்.

அன்பானவர்களே, உங்கள் காணிக்கை மருந்தாகவும் படுக்கையாகவும் ஏழைகளைச் சேருகிறது. அதற்காகத் தேவனைத் துதிக்கிறோம். இன்று இன்னொன்றும் கேட்கிறோம். உங்கள் தெருவில் நெடுநாள் நோயாளி ஒருவர் இருப்பார். இந்த வாரம் அரைமணி நேரம் அவரோடு உட்காருங்கள். அவர் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.