தொழில் வாங்குதலும் அணுவிரதமும்

(விழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அருகன் திருவடி போற்றி.

உழவையே பெரிதும் நம்பி வாழ்ந்த தமிழ்ச் சமணர் குடும்பங்களில் இன்று படித்த பிள்ளைகள் பலர் ஊதியத்திற்கு உழைக்கின்றனர். சொந்தத் தொழில் வேண்டும் என்னும் எண்ணம் அவர்களுள் சிலர்க்கு எழுகிறது. புதிதாகத் தொடங்குவதினும், நடந்துவரும் சிறுதொழில் ஒன்றை விலைக்கு வாங்குவது எளிது. வாடிக்கை, இயந்திரம், கைதேர்ந்த பணியாளர் ஆகிய மூன்றும் அங்கே முன்னரே அமைந்திருக்கும்.

அத்தகைய தொழிலை எங்கே தேடுவது? முதுமை எய்திய உரிமையாளர் ‘விற்பனைக்கு’ என்று பலகை மாட்டத் தயங்குவார். செய்தி பரவினால் பணியாளர் கலங்குவர். கடன் கொடுத்தோர் நெருக்குவர். வாடிக்கையாளர் வேறிடம் நாடுவர். ஆதலின் விற்கும் எண்ணம் அவர் உள்ளத்திலேயே தங்கிவிடுகிறது.

விருதுநகர் மாவட்டத்தைச் சான்றாகக் கொள்ளலாம். இராசபாளையத்தில் நூற்பாலைகள் உள்ளன. அருகே சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யப்படுகிறது. திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. இத்தகைய தொழில் நடத்தும் முதியவர் இணையத்தில் இல்லாதிருக்கலாம். அவர் மக்கள் இருப்பர். மதுரையிலிருந்து திருவில்லிபுத்தூர் செல்லும் சாலையிலுள்ள கிருஷ்ணன்கோவிலில், 1984இல் பொறியியற் கல்லூரியாகத் தொடங்கிய கலசலிங்கம் பல்கலைக்கழகம் உள்ளது. 2003இல் தோன்றிய லிங்க்ட்இன் என்னும் தொழில்சார் வலைத்தளத்தில் கல்லூரியின் பெயரைக் கொண்டே பழைய மாணவரைத் தேட இயலும். தந்தையின் தறிக்கூடத்திற்குத் திரும்ப விரும்பாத மகனோ மகளோ அவர்களுள் இருக்கக்கூடும். வட்டாரத் தணிக்கையாளர், நூல் வணிகர், இயந்திரப் பொறியாளர் ஆகியோரையும் அங்கே காணலாம். விற்பனை விளம்பரத்தை விடுத்து மனிதரைத் தேடுவதே முறை.

முதல் மடலில் விலை பேசுதல் ஆகாது. தாம் யார், எவ்வகைத் தொழில் நாடுகிறார், யார் வழி அறிந்தார் என்னும் மூன்றையும் சில வரிகளில் எழுதி, நேரில் காண இசைவு கேட்டால் போதும்.

வலைத்தளம் வாயில்வரை கொண்டு சேர்க்கும். உள்ளே ஒழுக வேண்டிய முறையைச் சமண அறம் கற்பிக்கிறது. உமாஸ்வாமி அருளிய தத்துவார்த்த சூத்திரம், வாய்மை அணுவிரதத்தின் குற்றங்களுள் பொய்ப்பத்திரம் எழுதுதலையும், ஒருவர் நம்பி வைத்த பொருளைக் கவர்தலையும், மறைவாய் அறிந்த கருத்தை வெளியிடுதலையும் சேர்த்து எண்ணுகிறது. முதியவர் திறந்து காட்டும் கணக்கேடு அவர் நம்பி ஒப்படைத்த பொருளை ஒத்தது. பேரம் முறிந்த பின்னும் அதனைப் பிறர்க்குச் சொல்லலாகாது. கசிந்த ஒரு சொல் ஒரு கூடத்தையே மூடிவிடும். விலையைப் பத்திரத்தில் குறைத்தெழுதலும் அந்நோன்புக்கு இழுக்கு.

நம்பிக்கையோடு ஆராய்தலும் வேண்டும். சரக்கு சேவை வரிப் பதிவு நடப்பிலுள்ளதா என்பதை அரசின் இணையதளத்தில் எவரும் காணலாம். நிலமும் கட்டடமும் சேருமாயின் வில்லங்கச் சான்று பெறுதல் கட்டாயம். 2017ஆம் ஆண்டின் மத்திய சரக்கு சேவை வரிச் சட்டம் 85ஆம் பிரிவின்படி, தொழில் கைமாறும் நாள்வரையுள்ள வரிப்பாக்கிக்கு விற்றவரும் வாங்கியவரும் கூட்டாகப் பொறுப்பாவர். பணியாளரின் வைப்பு நிதி நிலுவையையும் பணிக்கொடையையும் முன்னரே கணக்கிட வேண்டும். பல்லாண்டு உழைத்தோர் வயிற்றில் அடித்துப் பெறும் மலிவு மலிவன்று.

தொழிலைத் தேர்தலிலும் அறம் உண்டு. இல்லறத்தார் தொழிலில் உயிர்த்துன்பத்தை முற்றும் தவிர்த்தல் அரிது. இயன்றவரை குறைத்தல் கடமை. புண்ணுக்குக் கட்டும் துணியை நெய்வது போன்ற தொழில்கள் இவ்வகையில் சிறந்தன. மிகுபொருள் விரும்பாமை என்னும் நோன்பும் இங்கே துணை நிற்கும். எவ்வளவு பொருள், எவ்வளவு கடன் என்னும் எல்லையைத் தேடுமுன்னரே வகுத்துக்கொண்டவர் பேரத்தின் வேகத்தில் அடித்துச் செல்லப்படார்.

தம் கூடத்தின் திறவுகோலைத் தரும் முதியவர், தம் நற்பெயரையும் பணியாளர் வாழ்வையும் அதனுடன் ஒப்படைக்கிறார். அதனைப் பெறத் தகுந்தோராய் இளைஞர் விளங்குக. அறம் வாழ்க! ஜினதர்மம் ஓங்குக!