ஈடுபாடு என்னும் சொல்

ஆர்வம் இருந்தால் முகத்தில் தெரியும் என்கிறோம். நம் மொழி அப்படிச் சொல்லவில்லை. ‘ஈடுபடு’ என்னும் வினையிலிருந்து பிறந்தது ‘ஈடுபாடு’. ஒன்றினுள் ஆழ்ந்துவிடுதலை அது குறிக்கும். வெளியே காட்டுதல் அதன் பொருளில் இல்லை.

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் டிம் டங்கனை எண்ணிப் பாருங்கள். செயின்ட் குரோய் தீவில் சிறுவயதில் நீச்சல் பயின்றவர். 1989இல் ஹியூகோ புயல் நீச்சற்குளத்தைச் சிதைத்த பின்னரே கூடைப்பந்துக்கு வந்தார். சான் அன்டோனியோ அணி ஒன்றுக்கே 19 பருவங்கள் ஆடி, 5 முறை வாகை சூடினார். களத்தில் ஆரவாரம் அரிது. பலகையில் பட்டுக் கூடைக்குள் விழும் எளிய எறிதலே அவர் அடையாளம். 2016இல் அவர் ஓய்வு பெற்றதையும் அணியின் அறிக்கைதான் அறிவித்தது. இவருக்கு ஆட்டத்தில் பற்று உண்டா என ஐயுறுவது எளிது. ஆனால் 2019இல் அதே அணிக்குத் துணைப் பயிற்றுநராகத் திரும்பினார்.

நானும் அவ்வாறு ஐயுற்றவன்தான். வாய்மொழித் தேர்வில் தாழ்குரலில் பேசிய மாணவி ஒருவருக்கு ‘ஆர்வம் போதாது’ என்று எழுதினேன். அவருடைய குறிப்பேட்டைப் பிறகே கண்டேன்: பாட்டி வழங்கிய வட்டாரச் சொற்கள், பக்கம் பக்கமாக. அதற்குள் மதிப்பெண் பட்டியல் அலுவலகம் போய்ச் சேர்ந்திருந்தது.