தோண்டும் முன்பே கிடங்கு

கீழடி அகழாய்வுக் களத்தின் காலத்தைக் கி.மு. 580 வரை கொண்டுபோய் நிறுத்தியது பொன்னும் அன்று, மணியும் அன்று. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த ஒரு கரித்துண்டு. குழியும் ஆழமும் மண்ணடுக்கும் அதனோடு சேர்த்துப் பதியப்பட்டதால்தான் அது சான்றாயிற்று. அந்தப் பதிவுச் சீட்டைக் கரையான் தின்றுவிட்டால் மிஞ்சுவது வெறும் அடுப்புக்கரி. ஆகவே நான் கேட்பது இதுதான்: கிடைக்கப்போகும் பொருள்கள் எங்கே, யார் பொறுப்பில் இருக்கும் என்பதற்கு, அகழாய்வுக்கு அனுமதி கோரும் தாளிலேயே விடை இருக்க வேண்டும்.

கீழடியில்தான் 2023இல் அருங்காட்சியகமே திறந்தாயிற்றே என்பீர்கள். மகிழ்ச்சிதான். ஆனால் எந்த அருங்காட்சியகத்திலும் நம் கண்ணில் படுவது சிறு பகுதி. பெரும்பகுதி உள்ளறைப் பெட்டிகளில் கிடக்கிறது. அங்கேதான் ஆபத்து. மண்ணுக்குள் கிடந்த இரும்பும் செம்பும் குளோரைடு உப்பை ஏற்றிக்கொண்டே வெளியே வருகின்றன. ஈரக்காற்று பட்டால் இரும்பு செதில் செதிலாக உதிரும். செம்பு பச்சைத் தூளாகும். ஆதிச்சநல்லூரில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டியெடுத்த இரும்புக் கருவிகள் இருப்பதோ கடற்காற்று வீசும் சென்னையில், எழும்பூர் அருங்காட்சியகத்தில். இரும்புக்கு நன்றாக உலர்ந்த காற்று வேண்டும். அதே வறட்சியில் கீழடியின் தந்தப் பகடை வெடித்துவிடும். எல்லாவற்றையும் ஒரே அறையில் அடைப்பதைப் பாதுகாப்பு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

மூட்டை மூட்டையாய்ப் பானையோடுகளை ஏன் சுமக்க வேண்டும், படமெடுத்துக்கொண்டால் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. அதில் பாதி நியாயம் இருக்கிறது. கிடைத்த இடமே தெரியாத, எழுத்தோ குறியீடோ இல்லாத ஓடுகளில் மாதிரிக்குச் சில போதும். எதைக் கழிப்பது என்ற விதி மட்டும் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். மற்றவற்றை விடக்கூடாது; நாளைய ஆய்வுமுறைக்கு அவை தேவைப்படலாம். ரீ தோண்டிய காலத்தில் கரிமக் காலக்கணிப்பே உலகில் கிடையாது. அது வந்தது 1949இல். இன்று பானைச் சுவரில் ஊறிய கொழுப்பைக் கொண்டு அதில் சமைத்தது என்னவென்று தேடுகிறார்கள். படத்தில் கொழுப்பு ஊறியிருக்காது.

பணம் எங்கே என்ற கேள்வி கடினமானது. ஒரே ஆண்டில் தீராது. அதனால் பத்துக் குழிக்குப் பதில் எட்டுக் குழி தோண்டினாலும் சரி, மிச்சப்படும் தொகையில் ஈரப்பதம் அளக்கும் கருவியும், அமிலமற்ற பெட்டிகளும், ஒரு வேதியியலாளருக்கு நிரந்தரப் பணியிடமும் அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலேயே இடம்பெறட்டும்.